ஜாக்கெட் மட்டும் போதுமா? தாம்பரத்திலிருந்து பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் மணிக்கட்டையும் கவனியுங்கள்!

தாம்பரத்தில் குளிர் என்பது மார்கழி விடியற்காலையோடு முடிந்துபோகிற சமாச்சாரம். ஐந்தரை மணிக்குப் பால் வாங்க மங்கி கேப்போடு போகிறவரே ஒன்பது மணிக்கு ஜிஎஸ்டி சாலை சிக்னலில் வியர்த்து வழிய நிற்பார். மீனம்பாக்கத்தில் 20 டிகிரி பதிவானாலே நமக்கு ஸ்வெட்டர் ஞாபகம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் இப்போது ஜனவரி, பிப்ரவரியில் குடும்பம் குடும்பமாக குல்மார்க்குக்கும் மணாலிக்கும் கிளம்புகிறார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, ஸ்ரீநகரில் இறங்கலாம். ரயில்தான் வேண்டும் என்றால் சென்னை சென்ட்ரலிலிருந்து கத்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ். 2025 ஜூன் 6 அன்று கத்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் தொடங்கிவைக்கப்பட்டபின், அங்கிருந்து காஷ்மீர் பள்ளத்தாக்குக்கும் ரயிலிலேயே போய்விடலாம். முன்பெல்லாம் பனியைப் பார்த்து, உருட்டி விளையாடி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இப்போது பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் ஜாக்கெட் பேச்சுதான். எவ்வளவு தடிமன், எத்தனை டிகிரி தாங்கும், அமேசானில் தள்ளுபடி உண்டா? சும்மா நின்று பனியை ரசிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் போதும். சறுக்கப் போகிறவர்களுக்குப் போதாது. முதல் நாள் சறுக்குகிறவர் நிற்பதைவிட விழுவதுதான் அதிகம். விழும்போது உடம்போடு வளைந்து கொடுத்து, அடியை மட்டும் வாங்கிக்கொள்ளும் உடுப்புதான் அவருக்குத் தேவை. அதில் பாதியை நம் தென்சென்னைப் புறநகர்ப் பக்கமே தொட்டுப் பார்த்து, மடக்கிப் பார்த்து வாங்கிவிடலாம்.

இஞ்சம்பாக்கத்தில் ஒரு ஒத்திகை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கம் விஜிபி வளாகத்தில் 'ஸ்னோ கிங்டம்' இருக்கிறது. வெளியே கடற்கரை வெயில், உள்ளே உறைநிலைக்குக் கீழே குளிர். நுழையும்போது ஜாக்கெட், பூட்ஸ், கையுறை கொடுப்பார்கள். அங்கே பனிச்சறுக்கு விளையாட்டு கிடையாது. குழந்தைகள் சறுக்குமரம் மாதிரி வழுக்கி வரலாம், அவ்வளவுதான். ஆனாலும் காஷ்மீர் போகும் முன் ஒரு தடவை போய்வருவது வீண் செலவல்ல. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் முதலில் சில்லிடுவது விரல் நுனிகள், அடுத்து கால்விரல்கள் என்பது தெரிந்துவிடும். ஜீன்ஸ் போட்டுப் போனவர் பனியில் உட்கார்ந்து எழுந்தால், ஈரம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

பிரச்னை பருத்தியில் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தி வரம். பனியில் அதே குணம்தான் வினை. உறிஞ்சிய ஈரத்தை விடாமல் தோலோடு ஒட்டவைத்து, உடம்புச் சூட்டை வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். பனியன் என்ற பெயரிலேயே 'பனி' இருக்கிறது. ஆனால் திருப்பூர் பருத்தி பனியன் பனிக்கு ஆகாது. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் நெய்த, உடம்போடு ஒட்டிய தெர்மல்தான் முதல் அடுக்கு. அதன்மேல் ஃப்ளீஸ். அதற்கும் மேலே காற்றையும் தண்ணீரையும் தடுக்கும் மெல்லிய மேலாடை. இந்த மூன்று அடுக்கும் சேர்ந்து ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட நன்றாக வளையும். சூடு ஏறினால் நடு அடுக்கைக் கழற்றிவிடலாம். மேலாடை வாங்கினால் சீட்டில் 10,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று அர்த்தம். பனியில் திரும்பத் திரும்ப உட்காரப் போகிறவருக்கு இது முக்கியம்.

புடவைமேல் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நடக்கும் அம்மாக்களும் பாட்டிகளும் உண்டு. போட்டோவுக்கு அழகுதான். ஆனால் பருத்தி உள்பாவாடையின் ஓரம் விளக்குத்திரி மாதிரி ஈரத்தை மேலே இழுக்கும். உள்ளே தெர்மல் பேன்ட் போட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்வது நல்லது.

அடி விழும் இடங்கள்

பனியில் சறுக்குவது இரண்டு வகை. இரண்டு காலிலும் தனித்தனிப் பலகை, கையில் இரண்டு கோல் என்றால் அது ஸ்கீயிங். ஒரே அகலப் பலகையில் இரண்டு காலையும் பக்கவாட்டில் பூட்டிக்கொண்டு நின்றால் ஸ்னோபோர்டிங். இரண்டிலும் விழுகிற விதம் வேறு. அதனால் உடுப்பும் வேறு.

ஸ்கீயில் கால்கள் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும். அடி முழங்கால் தசைநாருக்குப் போகும். இதை எந்த முட்டிக் கவசமும் முழுதாகத் தடுக்காது. பலகையையும் பூட்ஸையும் இணைக்கும் பூட்டு, விழும்போது சரியான நேரத்தில் விடுபட வேண்டும். உங்கள் எடை, உயரம், அனுபவத்தைக் கேட்டுத்தான் அந்தப் பூட்டின் எண்ணைத் திருக வேண்டும். வாடகைக் கடையில் எதுவும் கேட்காமல் பலகையை நீட்டினால், 'என் எடைக்கு செட் பண்ணிக் கொடுங்க' என்று நீங்களே கேளுங்கள். பையில் எத்தனை பேட் இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

ஸ்னோபோர்டில் கால்கள் பூட்டியிருப்பதால், சாயும்போது கை தானாகத் தரையைத் தேடும். பின்பக்கம் சாய்ந்தால் வால் எலும்பு, பின்மண்டை. முன்பக்கம் சாய்ந்தால் மணிக்கட்டு, முட்டி. இதில் மணிக்கட்டுக்கு உறுதியான கணக்கு இருக்கிறது. நார்வேயில் 5,029 ஸ்னோபோர்டர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மணிக்கட்டுக் கவசம் மாட்டி அனுப்பினார்கள். 2001-ல் வெளிவந்த முடிவு: கவசம் அணிந்தவர்களில் மணிக்கட்டு அடிபட்டவர்கள் 8 பேர், அணியாதவர்களில் 29 பேர். தலைக்கவசத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ம் ஆண்டுக் கட்டுரை, தலையில் அடிபடும் வாய்ப்பு சுமார் 35 சதவிகிதம் குறைவதாகச் சொன்னது.

மணிக்கட்டு உடைந்தால் டூர் மட்டும் கெடுவதில்லை. திரும்பி வந்தபின் ஆறு வாரத்துக்கு ஸ்கூட்டர் கிடையாது. கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை என்றால் அதுவும் சிரமம். அடுப்படியில் ஒரு குக்கர் மூடியைக்கூட ஒற்றைக் கையால் போட முடியாது. மாவுக்கட்டோடு தாம்பரம் மின்சார ரயிலில் தொங்குவதை நினைத்துப் பாருங்கள்.

சோளமாவு ரகசியம்

கவசம் என்றதும் கிரிக்கெட் பேட் மாதிரி விறைப்பான பிளாஸ்டிக் ஞாபகம் வரும். அதைக் கட்டிக்கொண்டு சறுக்கினால் முட்டி மடங்காது. இப்போது பனிச்சறுக்கு உடுப்புகளில் வருவது வேறு மாதிரிப் பொருள். கையில் பிசைந்தால் ரப்பர் மாதிரி வளையும்; சுத்தியலால் அடித்தால் அந்தக் கணம் மட்டும் இறுகும்; உடனே பழையபடி இளகிவிடும்.

இந்தக் குணத்தைப் பார்க்க சமையலறையே போதும். ஒரு கிண்ணத்தில் இரண்டு பங்கு சோளமாவு, ஒரு பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். படாரென்று குத்தினால் கல் மாதிரி எதிர்க்கும். மெதுவாகத் தள்ளும்போது மாவுத் துகள்களுக்கு விலகி வழிவிட நேரம் இருக்கிறது. வேகமாகத் தாக்கினால் நேரம் கிடைக்காமல் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. குழந்தைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகவும் ஆகிவிடும்.

வேகத்துக்கு ஏற்ப இறுகும் இந்தக் குணத்தை உடுப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் பால்மர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். அவரே ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர். 1999-ல் தொடங்கிய அவருடைய நிறுவனத்தின் பொருளுக்கு டி3ஓ என்று பெயர். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடா பனிச்சறுக்கு வீரர்கள் அணிந்த உடுப்பில் இது இருந்தது. இன்று அதே வகைப் பொருள் பைக் ஜாக்கெட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதனால்தான் குல்மார்க்குக்கான ஷாப்பிங்கை இருங்காட்டுக்கோட்டை பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை சொல்லித்தரும் எண்

தாம்பரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை. 1990 முதல் இங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இடம். பந்தயம் நடக்கும் நாளில் போனால், முழு உடுப்பில் இருக்கும் ரைடர்களைப் பாருங்கள். தோள், முழங்கை, முதுகு, முட்டி என்று அடிபடும் இடத்தில் மட்டும் கவசம். மற்ற இடமெல்லாம் வளையும் துணியோ தோலோதான். பனிக்கும் இதுவே கணக்கு.

தோல் என்றதும் குரோம்பேட்டை ஞாபகம் வராமல் இருக்குமா? குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வாங்கிய ஊர் அது. உராய்வுக்குத் தோலை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பைக் லெதர் ஜாக்கெட்டைப் பனிக்கு எடுத்துப்போகாதீர்கள். நனைந்தால் கனக்கும், விறைக்கும், காய நாளாகும்.

ரைடிங் கியர் விற்கும் கடையில், ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து கவசத் துண்டை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல துண்டில் எண் பொறித்திருக்கும். கை, கால் மூட்டுகளுக்கு இ.என். 1621-1. முதுகுக்கு இ.என். 1621-2. முதுகுக் கவசத்தின்மேல் 50 ஜூல் ஆற்றலோடு அடித்து, உள்ளே எவ்வளவு விசை கடக்கிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 9-க்குள் இருந்தால் லெவல் 2. பனிச்சறுக்குக்கென்று விற்கும் முதுகுக் கவசங்கள் பலவற்றிலும் இதே பைக் எண்தான் இருக்கும். எண்ணே இல்லாத, பஞ்சு மாதிரி அமுங்கும் ஸ்பாஞ்சு பல ஜாக்கெட்டுகளில் உருவத்துக்காக வைத்திருப்பது. கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை போகிறதென்றால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு குறியும் இருக்கிறது: 'டி' எழுத்தோடு ஒரு கழித்தல் அடையாளம். மைனஸ் 10 டிகிரியிலும் சோதித்தார்கள் என்று பொருள். வளையும் கவசங்களில் சில, குளிரில் விறைத்துவிடும். சென்னைக் கடையில் ரப்பர் மாதிரி மடங்கியது, குல்மார்க்கில் பலகை மாதிரி நிற்கலாம். குறி இல்லாத கவசம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து மடக்கிப் பாருங்கள். மடங்காவிட்டால், மேலாடைக்குள் உடம்புச் சூடு படும் இடத்தில் அணியலாம். வெளிப்பக்கம் கட்டுவதற்கு ஆகாது.

பைக் கடையிலிருந்து எடுத்துப்போகக் கூடாதது ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற நல்ல பைக் ஹெல்மெட்டானாலும் பனிச்சறுக்குக்குக் கனம் அதிகம், கண்ணாடியில் ஆவி படியும், பின்னால் கத்திக்கொண்டு வருகிறவரின் குரல் கேட்காது. பனிக்கு இ.என். 1077 எண் உள்ளது வேண்டும்.

மாமல்லபுரத்து பேட் பனிக்கு ஆகுமா?

1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் என்பவர், தன் பெண் குழந்தைகளுக்காக இரண்டு பனிப்பலகைகளை இணைத்துக் கட்டினார். கடலலையில் சறுக்குவது மாதிரி பனியில் சறுக்க உதவிய அந்த விளையாட்டுப் பொருள்தான் ஸ்னோபோர்டின் முன்னோடி. 1998 நாகானோவில் ஒலிம்பிக் வரை போய்விட்டது. ஆக, பனிக்கும் கடலுக்கும் சொந்தம் உண்டு. மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இருக்கும் கோவளமும், ஸ்கேட்போர்டால் உலகம் அறிந்த கமலியின் மாமல்லபுரமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கமலியைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. பலகைமேல் பக்கவாட்டில் நின்று உடம்பைச் சாய்த்துப் பழகியவர்கள் ஸ்னோபோர்டில் சீக்கிரம் நிற்பார்கள் என்பதால், பனிக்குப் போகும் முன் இங்கே சில வகுப்புகள் போவது நல்ல யோசனை.

ஸ்கேட்டிங் பேட் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. முட்டி பேட் பரவாயில்லை. வெளியே பிளாஸ்டிக் கிண்ணம் இல்லாத, வளையும் வகையாகப் பார்த்து, தெர்மலுக்கு மேல், பனி பேன்ட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். மணிக்கட்டுக் கவசம்தான் வேறு. ஸ்கேட்டிங் கவசத்தின் உள்ளங்கையில் இருக்கும் கடினத் தகடு, தார்ச் சாலையில் கை வழுக்கிப் போவதற்காக. பனியில் அதற்கு வேலை இல்லை. ஸ்னோபோர்டுக்கானது முன்கை வரை நீண்டு, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கி வளைய வேண்டும். 2020-ல் இதற்கென்றே ஐஎஸ்ஓ 20320 என்ற தரம் வந்திருக்கிறது. எதை வாங்கினாலும் கையுறையைக் கடைக்கு எடுத்துப்போய், கவசத்தோடு சேர்த்து மாட்டி, ஜிப்பை இழுத்துப் பாருங்கள். உள்ளே நுழையாத கவசம் குல்மார்க் ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடும்.

பணம் மிச்சம் பிடிக்க பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாக்கெட், ஃப்ளீஸ், முட்டி பேட் எல்லாம் பழசாக இருந்தாலும் தையலையும் வாரையும் சோதித்து வாங்கலாம். ஹெல்மெட்டை மட்டும் பழசில் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் ஒரே ஒரு பெரிய அடிக்குத்தான். அந்த அடி ஏற்கெனவே விழுந்துவிட்டதா என்பது வெளியே தெரியாது.

டாங்மார்க் தாண்டினால்

தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் புல்வெளியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கொண்டோலா என்ற ரோப் கார் இரண்டு கட்டமாக ஏறி, அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே இறக்கிவிடும். அந்த இரண்டாம் கட்டத்திலிருந்து சறுக்குவது தேர்ந்தவர்களுக்கு. புதியவர்களுக்குப் புல்வெளிச் சரிவே ஒரு வாரத்துக்குப் போதும்.

குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் முன்னால் டாங்மார்க்கில் வண்டி நிற்கும்போதே நீளக் கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு வந்துவிடும். மணாலி பக்கம் என்றால் சோலாங் போகும் வழி நெடுக, நம்பர் போட்ட கடைகளில் கலர் கலராக முழு உடுப்புகள் தொங்கும். நடக்க, உட்கார, போட்டோ எடுக்க அவை போதும். சறுக்குவதற்கான பூட்ஸும் பலகையும் வேறு. அவற்றை பயிற்சியாளர் சொல்லும் ஸ்கீ கடையில்தான் எடுக்க வேண்டும். பூட்ஸ் இறுக்கமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். முட்டிக்குக் கீழே வரை வரும் ஒற்றை சாக்ஸ் போதும். பருத்தியாக இல்லாவிட்டால் சரி.

ஆக, பெட்டியில் தாம்பரத்திலிருந்து போக வேண்டியவை தெர்மல், சாக்ஸ், கையுறை, மணிக்கட்டுக் கவசம், முட்டி பேட், ஸ்னோபோர்டு என்றால் வால் எலும்புப் பக்கம் பேட் வைத்த ஷார்ட்ஸ். தோலை ஒட்டி அணிவதும் அளவு கச்சிதமாக இருக்க வேண்டியதும் நம்முடையதாக இருப்பது நல்லது. கனமான மேலாடை, பேன்ட், பூட்ஸ், பலகை அங்கே வாடகைக்கு. ஹெல்மெட்டும் கிடைக்கும், வெடிப்பு இல்லாததாக, தலையை ஆட்டினால் கூடவே ஆடாததாகப் பொறுக்குங்கள். கண்ணுக்கு கூகுள்ஸ் கட்டாயம். புதுப் பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். 1,000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிரின் அளவே 10 சதவிகிதத்துக்குப் பக்கமாகக் கூடும். மேகமூட்டம்தானே என்று கழற்றினால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தும்.

துப்பட்டா, மப்ளர் இரண்டையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். ஸ்கூட்டர் சக்கரத்தில் துப்பட்டா மாட்டுவதற்குப் பயப்படுகிறோம் அல்லவா? சரிவில் மேலே இழுத்துப்போகும் கயிற்று லிஃப்டிலும் அதே ஆபத்துதான். கழுத்துக்கு, தலைவழியாக மாட்டும் குழாய் மாதிரியான துணிப்பட்டை விற்கிறது. அது போதும்.

முறையாகக் கற்றுக்கொள்ள நினைக்கிற இளைஞர்களுக்கு, குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-ல் தொடங்கியபின் நிறையப் பேர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் சாகச விளையாட்டு அதில் சேர்த்தியா என்று ஒரு வரி படித்துவிட்டு எடுங்கள். பல பாலிசிகளில் சேர்த்தி இல்லை.

ஊர் திரும்பியதும் பெட்டியை அப்படியே பரணில் ஏற்றிவிடாதீர்கள். காஷ்மீரில் காய்ந்த மாதிரி இருந்த கையுறை, நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒரே மாதத்தில் பூசணம் பூத்துவிடும். கவசத் துண்டுகளை உறையிலிருந்து உருவி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் வளையும் பொருள் சீக்கிரம் கெட்டுவிடும். துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம். தண்ணீரை உருட்டிவிடும் மேல்பூச்சு போய்விடும். முட்டி பேடையும் முதுகுக் கவசத்தையும் மடித்து அமுக்காமல், பைக் ஜாக்கெட்டுக்குள்ளேயே செருகித் தொங்கவிடலாம். அடுத்த பனிக்காலம் வரை ஜிஎஸ்டி சாலையில் அவற்றுக்கு நிறைய வேலை இருக்கிறது.